இருட்டு அட்டையில் ஒரு காலி வரி

டேப்பக்காவுக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், கை வேகமெடுக்கும். கருவியைச் சோதித்துப் பார்த்த குழுவின் கடிதம் வந்த அன்று மதியத்துக்குள் நாற்பது படிகங்களுக்கு டேப் சுற்றி முடித்துவிட்டாள். சாதாரண நாளில் இருபது சுற்றினாலே கழுத்து பிடித்துக்கொள்ளும். எதிர் மேஜையில் வயர்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவர், ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் வயர் அண்ணன், ஒரு முறை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் உடனே குனிந்துகொண்டார். புத்திசாலி.

கடிதத்தில் இருந்தது இரண்டே வரி. "செயல்முறை விளக்கத்தின்போது கருவி எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. மருத்துவமனையில் பயன்படுத்தும் அளவுக்கு நம்பகமானதல்ல." ஒன்பது வருஷ உழைப்பை இரண்டு வரியில் தூக்கிக் குப்பையில் போட்டாயிற்று. அதுகூடப் போகட்டும். அந்தக் கருவியைக் கெடுத்ததே கடிதத்தின் கீழே கையெழுத்துப் போட்டிருந்த அதே கைதான் என்பதை நினைத்தபோதுதான் அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அவள் முன்பு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கண்ணாடி மாற்ற வந்த பேராசிரியர், சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு சின்னப் படிகத்தை எடுத்து, "இதைத் தேய்ச்சுத் தர முடியுமாம்மா? கீறல் இருக்கக் கூடாது" என்று கேட்டார். விரல் நகத்தின் அகலம்தான் இருந்தது. பிடிக்கக்கூட இடமில்லை. மறுநாள் வந்து வாங்கிப் பார்த்தவர் அதைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் காட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் அவள் அவருடைய ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தாள். ஒன்பது வருஷமாக இன்னும் தற்காலிகம்தான். இத்தனை வருஷம் தற்காலிகமாக இருப்பதற்கும் ஒரு திறமை வேண்டும் என்று வயர் அண்ணன் சொல்லுவார்.

அங்கே செய்துகொண்டிருந்தது பெட் ஸ்கேன் இயந்திரத்துக்கான உணர்விகள். புற்றுநோய் உடம்பில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுகிற பெரிய வளையம் அது. அந்த வளையம் முழுக்க ஆயிரக்கணக்கில் படிகங்கள் பதிந்திருக்கும். நோயாளிக்கு ஊசி மூலம் கொஞ்சம் கதிரியக்கச் சர்க்கரை ஏற்றுவார்கள். அது புற்றுக்கட்டியில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து இரண்டு கதிர்களை எதிரெதிர்ப் பக்கமாக வீசும். எந்தப் பக்கத்துப் படிகத்தில் முதலில் மின்னியது, எவ்வளவு முந்தி மின்னியது என்று தெரிந்தால், கதிர் கிளம்பிய இடத்தைப் பிடித்துவிடலாம். ஒரு நொடியை நூறு கோடித் துண்டாக வெட்டி, அதில் ஒரு துண்டை மறுபடி ஐந்தாக வெட்டினால் வருகிற நேரம்தான் கணக்கு. உணர்வி எவ்வளவு வேகமோ அவ்வளவு சீக்கிரம் படம் தெளியும்; நோயாளி படுத்திருக்க வேண்டிய நேரமும் அவ்வளவுக்குக் குறையும். விற்பனைக்கு வருகிற வேகமான இயந்திரங்களின் விலையைக் கேட்டால் சின்ன ஊர் மருத்துவமனைகள் தலைதெறிக்க ஓடும். பேராசிரியரோ படிகம் வளர்க்கிற பெரிய உலைக்காரர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய ஓரத் துண்டுகளை வாங்கினார். அவற்றை அவள் தேய்த்தாள். குழாய் மரையில் நீர் கசியாமல் இருக்கச் சுற்றுவார்களே, அந்த வெள்ளை டேப்பை மூன்று சுற்றுச் சுருக்கமில்லாமல் சுற்றினாள். பெயர் வந்தது அப்படித்தான்.

இந்த வகைப் படிகத்துக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. வெளிச்சத்தைப் பார்க்கவே கூடாது. பார்த்தால் அதை விழுங்கி வைத்துக்கொண்டு, பிறகு இருட்டில் மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கிக்கொண்டிருக்கும். அந்தப் பொய் மினுக்கலுக்கு நடுவில் உண்மையான மின்னல் எது என்று கருவிக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் வேலை எல்லாம் மங்கலான சிவப்பு விளக்கில்தான். வேலை முடிந்ததும் கறுப்புப் பெட்டியில் வைத்து மூடுவார்கள். அதற்குத் "தூங்க வைப்பது" என்று பெயர். ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் ஓர் அட்டை நூலில் தொங்கும். மூடியவர், மூடிய நேரம், திறந்தவர், திறந்த நேரம், பட்ட வெளிச்சம் என்று வரிகள் போட்ட அட்டை. யார் திறந்தாலும் எழுத வேண்டும். துப்புரவு செய்கிற அம்மா ஒரு முறை, "தூசி துடைக்கத் திறந்தேன், டியூப் லைட், ரெண்டு நிமிசம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பேராசிரியரே ஒரு தடவை, "கவனக்குறைவு, கைபேசி, பத்து நொடி" என்று எழுதித் தலை குனிந்து நின்றிருக்கிறார். எழுதினால் யாரும் திட்டமாட்டார்கள். ஒரு நாள் தூங்க வைத்துவிட்டு மறுபடி அளப்பார்கள், அவ்வளவுதான். எழுதாமல் விட்டால்தான் டேப்பக்கா ஆடித் தீர்ப்பாள்.

வேகம், மலிவு என்பதெல்லாம் பேராசிரியருக்குக் கட்டுரைத் தலைப்பு. அவளுக்கு அது தம்பி.

தம்பி வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். நாளெல்லாம் ஏணியில் நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி, உள்கூரைக்கு அடித்த ஆள். போன வருஷம் கழுத்திலும் தோளிலும் கட்டி வந்தது. மருந்து கேட்கிறதா இல்லையா என்று பார்க்க பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும். அவர்கள் ஊரில் அது கிடையாது. ஏழு மணி நேரம் பஸ்ஸில் போய், ஒரு குறுகலான பலகையில் படுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். முதல் தடவை போனபோது இருபதாவது நிமிஷத்தில் தோள் வலி தாங்காமல் அசைந்துவிட்டான். படம் கலங்கிப்போயிற்று.

"ஆயுசு பூரா தூக்கின கைதான்க்கா. அரை மணி நேரம் தூக்கிவைடான்னா மாட்டேங்குது" என்று வந்து சொன்னான். "உன் மெஷின்ல எவ்ளோ நேரம்?"

"பத்து நிமிஷம்."

"அப்போ அடுத்தது அதுலதான். அதுவரைக்கும் கட்டியைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்றேன்."

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் உண்மையாகவே எல்லாம் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் ஊர் மருத்துவமனையில் வளையத்தின் கூடு வந்து இறங்கியிருந்தது. உணர்விப் பெட்டிகள் நாற்பத்தெட்டும் தயார். குழு வந்து பார்த்துச் சரி என்று சொன்னால் சோதனை முறையில் ஸ்கேன் தொடங்கலாம். ஸ்கேன் டாக்டர், அவரும் குழுவில் ஓர் உறுப்பினர், சம்மதித்த நோயாளிகளின் பட்டியலில் தம்பியை முதலில் எழுதியிருந்தார்.

குழு வந்த நாளைக்கு முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு டேப்பக்கா முதல் பெட்டியைத் தூங்க வைத்து அட்டையில் எழுதினாள். காலையில் வயர் அண்ணன் ஓட்டிப் பார்த்தபோது கருவி நினைத்ததைவிட வேகமாக இருந்தது. பேராசிரியர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

பதினோரு மணிக்குக் குழு உள்ளே வந்தது. ஐந்து பேர். முன்னால் வந்த குழுத் தலைவர், எந்த அறைக்குள் நுழைந்தாலும் அது தன் வீட்டு வரவேற்பறை என்று நினைக்கிற ரகம். பேராசிரியர் திரையைக் காட்டி விளக்க ஆரம்பித்தார். தலைவர் அதைக் காதில் வாங்காமல் நேரே பெட்டியிடம் போனார்.

"உள்ள என்ன இருக்குன்னு பார்க்க வேண்டாமா? திறங்க."

"சார், அது வந்து, இப்ப திறந்தா..." என்று பேராசிரியர் இழுத்தார்.

"திறக்கக் கூடாதுங்க" என்றாள் டேப்பக்கா. "வெளிச்சம் பட்டா நாளைக்கு வரைக்கும் ஒழுங்கா வேலை செய்யாதுங்க. மாதிரிக்குத் தனியா ஒண்ணு வச்சிருக்கோம், அதைப் பாருங்க."

தலைவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. பேராசிரியரைப் பார்த்துச் சிரித்தார். "வெளிச்சம் பட்டாலே கெட்டுப்போற சாமானையா ஆஸ்பத்திரிக்குக் குடுக்கப் போறீங்க?"

மூடியை அவரே தூக்கிவிட்டார். உள்ளே இருட்டாக இருந்ததால் கைபேசியின் விளக்கைப் போட்டார். ஒவ்வொரு வரிசையாக அடித்துப் பார்த்தார். கூட வந்த உதவியாளரிடம், "ஒரு போட்டோ எடுப்பா, நல்லா வரட்டும்" என்று சொல்லிப் பெட்டியின் மேல் குனிந்து நின்றார். பளிச் பளிச்சென்று மூன்று முறை மின்னியது. டேப்பக்காவுக்கு ஒவ்வொரு மின்னலும் கன்னத்தில் விழுந்த அறையாக இருந்தது. பிறகு அவர் மூடியைப் போட்டுவிட்டு, "ம், இப்ப ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

அப்போதாவது பேராசிரியர் வாயைத் திறந்திருக்கலாம். நாளைக்கு வாருங்கள் என்று ஒரு வார்த்தை. அவர் கையைப் பிசைந்துகொண்டு வயர் அண்ணனிடம், "ஓட்டுங்க" என்றார். திரையில் பொய் மினுக்கல் புழுதியாகக் கிளம்பியது. காலையில் இருந்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தலைவர் உதட்டைப் பிதுக்கினார்.

டேப்பக்கா அட்டையையும் பேனாவையும் அவரிடம் நீட்டினாள். "திறந்தவங்க இதுல எழுதணும்ங்க."

"அதெல்லாம் நீங்களே போட்டுக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். அட்டையில் அந்த வரி காலியாகவே இருந்தது.

கடிதம் வந்த அன்று நாற்பதாவது படிகத்தை வைத்துவிட்டு அவள் பேராசிரியரின் அறைக்குப் போனாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நடந்ததை எழுதி அனுப்புங்க."

"எப்படிம்மா எழுதறது? நீங்கதான் கெடுத்தீங்கன்னா? அடுத்த வருஷ நிதி அவர் கையில இருக்கு. அவரைப் பகைச்சுக்கிட்டா லேபே இருக்காது. ஆறு மாசம் போகட்டும், மறுபடி விண்ணப்பிக்கலாம்."

"ஆறு மாசம் யாருக்கு சார் போகும்? உங்களுக்கா, என் தம்பிக்கா?"

அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுப் போயிருப்பாள்.

இரண்டு வாரத்தில் தம்பியின் ஸ்கேன் நாள் வந்தது. ஏழு மணி நேர பஸ்ஸில் அவளும் கூடப் போனாள். தோளுக்குக் கீழே வைக்க அவள் கொண்டுபோன சின்னத் தலையணையை அனுமதிக்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். பதினைந்தாவது நிமிஷத்தில் அவன் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. இருபத்திரண்டாவது நிமிஷத்தில் முழங்கை இறங்கியது. வெளியே வந்து, "கெடுத்துட்டேன்க்கா" என்று குற்றவாளி மாதிரிச் சொன்னான். யாரோ கெடுத்ததற்கு அவன் மன்னிப்புக் கேட்டான். அவள் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அவனுக்கும் வயிறு எரியும். ஏற்கெனவே அந்த உடம்பு போதுமான அளவு எரிந்துகொண்டிருந்தது. படம் தெளிவில்லை, ஆனாலும் பழைய மருந்தையே தொடரலாம் என்று அங்கே எழுதிக் கொடுத்தார்கள்.

திரும்பி வந்த வாரம், நிறுவனத்தின் செய்தி இதழ் மேஜைக்கு வந்தது. மூன்றாம் பக்கத்தில் பெரிய வண்ணப்படம். "புதிய கருவியை நுணுக்கமாக ஆய்வு செய்கிறார் குழுத் தலைவர்." பெட்டி வாயைப் பிளந்திருக்கிறது. அவர் கையில் விளக்கு எரிகிறது. படிகங்கள் எல்லாம் பளபளவென்று ஜொலிக்கின்றன. பின்னால் சுவர்க் கடிகாரம் பதினொன்று இருபது காட்டுகிறது. படத்தின் ஓரத்தில், தடுக்க நீட்டிய அவளுடைய கை மட்டும் தெரிகிறது. முகத்தை வெட்டிவிட்டார்கள்.

டேப்பக்கா அந்தப் பக்கத்தை அப்படியே கிழித்தாள். "அண்ணே, அன்னிக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் மெஷின் எழுதினதை எடுத்துக் குடுங்க."

வயர் அண்ணன் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அச்செடுத்துக் கொடுத்தார். பதினொன்று பத்தொன்பது வரை பொய் மினுக்கலின் கோடு தரையோடு படுத்திருந்தது. பதினொன்று இருபதில் செங்குத்தாக எழுந்து தாளின் உச்சியைத் தொட்டது. அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் படத்தையும் கோட்டையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தாள்.

ஸ்கேன் டாக்டர் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"நான் அன்னிக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தேன்" என்றார் கடைசியில். "திறந்தது தெரியும். திறந்தா இப்படி ஆகும்னு யாரும் எனக்குச் சொல்லலையே."

"நான் சொன்னேன் டாக்டர். எங்க பேச்சு யார் காதுல விழுது?"

டாக்டரின் முகம் சிவந்தது. அன்றைக்கே மறுசோதனை கேட்டு எழுதினார். அதற்கு நாள் குறிக்கத் தலைவருக்கு இரண்டரை மாதம் பிடித்தது. வெளிநாட்டுப் பயணம், கூட்டம், மறுபடி பயணம். அந்த இரண்டரை மாதத்தில் தம்பி ஏணி ஏறுவதை நிறுத்தினான். பிறகு மாடிப்படி ஏறுவதை நிறுத்தினான்.

மறுசோதனையன்று தலைவர் வரவில்லை, ஆள் அனுப்பியிருந்தார். பெட்டியை யாரும் திறக்கவில்லை. கருவி தன் வேலையைச் செய்தது. பத்து நாளில் அனுமதிக் கடிதம் வந்தது. பேராசிரியர் அதை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடோடி வந்து சத்தமாகப் படித்தார். "முதல் சோதனையில் காணப்பட்ட குறைபாடு ஆய்வுக்கூடப் பணியாளர்களால் சரிசெய்யப்பட்டதைத் தொடர்ந்து..."

படித்துக்கொண்டே போனவர், டேப்பக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"என்ன குறைபாடு சார்?" என்றாள். "நாங்க எதைச் சரிபண்ணோம்?"

"விடும்மா. நாம கேட்டது கிடைச்சிருச்சு. வண்டி வெளிய நிக்குது. நாற்பத்தேழு பெட்டி ஏத்தியாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. அட்டையில நீ கையெழுத்துப் போட்டாத்தான் வெளிய போகும்."

உண்மைதான். அட்டையில் வரி காலியாக இருந்தால் பெட்டி ஆய்வுக்கூடத்தை விட்டுப் போகக் கூடாது. அந்த விதியை ஒன்பது வருஷத்துக்கு முன் போட்டவரே பேராசிரியர்தான்.

"அதுல ஒரு வரி காலியா இருக்கு சார். அது நிரம்பாம நான் போடமாட்டேன்."

"உன் தம்பிக்குத்தானேம்மா லேட்டாகும்?"

கேட்ட மறுநிமிஷமே அவருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியிருக்க வேண்டும். டேப்பக்கா வாயை மூடிக்கொண்டாள். மேஜையில் கிடந்த ஒரு படிகத்தை எடுத்து டேப் சுற்ற ஆரம்பித்தாள். கை வேகமாக ஓடியது, ஆனால் டேப் சுருங்கியது. பிரித்து மறுபடி சுற்றினாள், மறுபடியும் சுருங்கியது. அவள் சுற்றிய டேப் சுருங்கியதை வயர் அண்ணன் இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"துடைக்கற அம்மா எழுதினாங்க சார்" என்றாள் தலையை நிமிர்த்தாமல். "நீங்களே எழுதியிருக்கீங்க. அவர் மட்டும் என்ன? ரெண்டு வரியில எங்க எல்லாரையும் கையாலாகாதவங்கன்னு எழுதிட்டுப் போனாரு. இப்ப நாங்க குறையைச் சரிபண்ணிட்டோம்னு பாராட்டு வேற."

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். பேராசிரியர் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையை மேஜையில் வைத்து, நிதானமாக எழுதினார். எழுதி முடித்து அவள் பக்கம் தள்ளினார்.

திறந்தவர் என்ற வரியில் குழுத் தலைவரின் பதவிப் பெயர் இருந்தது. நேரம் 11.20. பட்ட வெளிச்சம்: கைபேசி விளக்கு, கேமரா, மூன்று முறை. அதன் கீழே, அட்டையில் இடமில்லாத இடத்தில், சின்ன எழுத்தில் இன்னொரு வரி: "பணியாளர் எச்சரித்தார். நான் பக்கத்தில் நின்றேன். தடுக்கவில்லை." கீழே அவருடைய கையெழுத்து.

அவள் அதைப் படித்தாள். கோபம் போய்விடவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டாள். பெட்டி வண்டியில் ஏறியது, அட்டையும் நூலில் தொங்கிக்கொண்டே கூடப் போனது.

மூன்று வாரம் கழித்துத் தம்பி அந்த வளையத்துக்குள் படுத்தான். அவன் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. டேப்பக்கா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கடிகாரத்தைப் பார்த்தாள். விரல் நடுங்குவதற்குள் பலகை வெளியே வந்துவிட்டது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

திரையில் படம் அவ்வளவு தெளிவாக இருந்தது. கலங்கிய படத்தில் தெரியாதவை எல்லாம் அதில் தெரிந்தன. ஸ்கேன் டாக்டர் கட்டிகளை எண்ணிக்கொண்டே போனார். எண்ணுவது பாதியில் நின்றது. "இந்த மருந்து வேலை செய்யறது நின்னு ரொம்ப நாளாச்சு" என்றார் மெதுவாக. "வேற மருந்து இருக்கு. ஆனா மூணு மாசம் முன்னாடியே மாத்தியிருக்கணும்."

உள்ளே தம்பி பலகையில் எழுந்து உட்கார்ந்து, வளையத்தின் ஓரத்தில் தொங்கிய அட்டைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றிலும் அக்காவின் கையெழுத்து. முதல் அட்டையை வலது கையில் பிடித்து வாய்விட்டுப் படித்தான். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, உள்ளே வந்த அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, இவ்ளோ லேட்டானது நான் அசைஞ்சதனால இல்லையா?"

"இல்லடா."

"இந்தாளு போட்டோ புடிச்சதனாலயா?"

அவள் தலையாட்டினாள். அவன் அட்டையைத் திரும்பவும் பார்த்தான்.

"இதுக்கா மூணு மாசம்?" என்றான்.

அவள் கிட்டே போனாள். இன்னும் தலைக்கு மேலேயே பாதி தூக்கியபடி நின்றிருந்த அவனுடைய இடது கையைப் பிடித்து, வலிக்காமல் மெல்லக் கீழே இறக்கிவிட்டாள்.